மாதம் ஒரு முறை

நாலு இருபதுக்கு இன்ஸ்பெக்டர் இரண்டாவது முறையாக மன்னிப்புக் கேட்டார்.

"சாவி வச்சிருக்கிறவர் டீ குடிக்கப் போயிட்டார் மேடம். இதோ வந்துருவார். ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க."

கவுன்சிலர் உட்காரவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனால்தான் உள்ளதை உள்ளபடி பார்க்க முடியும் என்று நகராட்சிக் கண்காணிப்புக் குழுவில் அடித்துப் பேசி முடிவு வாங்கியவள் அவள்தான். சொல்லாமல்தான் வந்திருக்கிறாள். வந்து, சாவிக்காக நிற்கிறாள்.

குழுவின் அதிகாரம் உள்ளங்கையில் அடங்கிவிடும். மாதம் ஒரு முறை ஓர் உறுப்பினர் வந்து லாக்கப்பில் இருப்பவர்களைப் பார்க்கலாம், பேசலாம். யாரையும் வெளியே விடச் சொல்ல முடியாது. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், மறுபடி உள்ளே வர அடுத்த மாதம் ஆகும்.

உள்ளே அடைபட்டிருக்கும் ஒரு பையனின் அம்மா வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் உறுத்தியது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்துப்போன கை. மூன்று நாளாக அவரை கேட்டைத் தாண்ட விடவில்லை. யாரிடமோ கெஞ்சி எழுதி வாங்கிய நாலு வரி மனுவில் பையனின் பெயர், வயது, அச்சகத்தில் வேலை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எப்படியிருக்கான்னு பாத்துச் சொன்னாப் போதும்மா" என்று அவர் ஆரம்பிக்கும்போதே ஒரு காவலர் வந்து எதிர்ச்சாரிக்கு விரட்டிவிட்டார்.

"சைக்கிள் கடைப் பூட்டை உடைச்ச கேஸ்தானே நீங்க கேக்கறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "சரியான அழுத்தக்காரன் மேடம். நேத்து ராத்திரி வரைக்கும் வாயைத் தொறக்கலியே. நாங்களும் எப்படியெல்லாமோ கேட்டுப் பாத்துட்டோம்."

"எப்படியெல்லாமோன்னா?"

"அன்பாத்தான்."

மூலையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த காவலர் இருமினார்.

"இப்ப?"

"இப்ப பேசுவான். நீங்களே பாருங்களேன்."

கவுன்சிலர் மருந்துக்கடை வைத்திருப்பவள். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று களிம்பு கேட்டு வருகிறவர்களில், உண்மையாகவே விழுந்தவர் யார் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

சாவி வந்தது.

லாக்கப்பைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை காயவில்லை. உள்ளே ஒரே ஒரு பையன்; அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உன் பேர் என்னப்பா?"

சொன்னான். மனுவில் இருந்த பெயர்தான். வயதும் சரியாக இருந்தது. அச்சகத்தில் வேலை என்றான்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். தகராறு செய்வார் என்று நினைத்தாள். மறுபேச்சில்லாமல் நடையின் கடைசி வரை போய் நின்றுகொண்டார்.

"சட்டையைக் கழட்டு. பயப்படாத. அப்படியே திரும்பு."

முதுகு, விலா, தொடையின் பின்புறம். எங்கும் வீக்கம் இல்லை, கன்றிப்போன இடம் இல்லை. உள்ளங்காலைக்கூடத் தூக்கிக் காட்டச் சொல்லி, அழுத்திப் பார்த்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை.

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அவங்க தூரத்துல இருக்காங்க. நான் போலீஸ் இல்ல, நகராட்சி. உள்ளதைச் சொல்லு."

"யாரும் கை வைக்கலீங்க. வேளாவேளைக்குச் சாப்பாடு வருது. மத்தியானம் முட்டைகூடக் குடுத்தாங்க."

"முட்டையா? எனக்கு இன்னிக்கு மத்தியானச் சாப்பாடே இல்லப்பா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

"உங்க அம்மா வெளிய நிக்கறாங்க. ஏதாவது சொல்லணுமா?"

அவன் ஈரத் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க."

'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"அடுத்த மாசம் சொல்லிட்டு வாங்க மேடம். டீயாவது போட்டு வைப்போம்."

கேட் சாத்திக்கொண்டது. எதிர்ச்சாரியிலிருந்து அந்த அம்மா வண்டிகளுக்கு நடுவே ஓடி வந்தார்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். முதுகுலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்தேன். உடம்புல ஒரு கீறல் இல்ல."

அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கவுன்சிலர் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க. அவனே சொல்லி அனுப்பினான். நல்லா இருக்கேன், அம்மாவைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்கன்னான்."

குலுங்கல் நின்றது.

"யாரு சொன்னா?"

"உங்க பையன்தான். என் முகத்தைப் பாத்துச் சொன்னான்."

அந்த அம்மா சாத்திய கேட்டைப் பார்த்தார். பிறகு கவுன்சிலரைப் பார்த்தார்.

"எம் பையன் பிறவி ஊமைம்மா. நீங்க யார்கிட்டப் பேசினீங்க?"