கிளம்பாத வண்டி

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி நகரவில்லை. முன் இருக்கையில் அவள் மடியில் இருக்கும் பெட்டிக்குள், ஆற்று நீர் பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுக்கின்றன. வலது காலைத் தாங்கும் இரும்புப் பட்டை வெயிலில் சூடேறுகிறது. நீர் ஆய்வகத்தில் இது ஏழாவது வருடம். மூத்த ஆய்வாளர் பதவி இந்த முறையும் கிடைக்கவில்லை. களப்பணி அனுபவம் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். வண்டி கிளம்பிய ஒவ்வொரு காலையிலும், "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்" என்று அவளை ஆய்வகத்திலேயே உட்கார வைத்தவர்களும் அவர்கள்தான். இன்று யாரையும் கேட்காமல் ஏறிவிட்டாள். ஏறும்போது அவள் வெளியே சாய்த்து வைத்த ஊன்றுகோலைக் கையில் பிடித்தபடி மேலாளர் ஜன்னலோரம் நிற்கிறார்.

"இறங்கும்மா. கரை பூரா சேறு. விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

"போன வாரம் நீங்க விழுந்தீங்களே சார், யாருக்கு பதில் சொன்னீங்க?" என்கிறார் ஓட்டுநர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் பாட்டில் மூடியையே மறுபடி மறுபடி இறுக்குகிறாள். "வண்டிய எடுங்கண்ணே." குரல் நினைத்ததைவிடச் சிறிதாக வருகிறது. வண்டி ஒரு முழம் நகர்கிறது, பிறகு இன்னொரு முழம். மேலாளரும் கூடவே நடக்கிறார். வெளிவாசல் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் ஊன்றுகோலை ஜன்னல் வழியே நீட்டுகிறார்.

"களப் பதிவேட்டுல என் பேரையும் எழுதிடுங்க சார்" என்கிறாள்.

அவர் நடந்துகொண்டே சட்டைப்பையில் பேனாவைத் தேடுகிறார்.