மாடியில் வைத்த கூட்டம்

மாடியில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் கீழே முற்றத்தில், தன் சக்கர நாற்காலியில் இருந்தாள். நிர்வாகக் கூட்டம் நான்கு மணிக்கு இங்கேதான் என்று சொல்லியிருந்தார்கள்.

மணி நாலே கால்.

இது உப்பு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவளும் ஜெசிந்தாவும் சேர்ந்து, கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் வீடாக இதை மாற்றினார்கள். வாசற்படியை இடித்துச் சாய்தளம் போட்டபோது முதல் சம்மட்டி அடி ஜெசிந்தாவுடையது. கண் தெரியாத சிற்பி வந்தார். காது கேளாத ஓவியர்கள் வந்தார்கள். தெருக்காரர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, படம் நன்றாகவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்து யார் வந்து தங்குவது என்பதையும் தெருவே இந்த முற்றத்தில் உட்கார்ந்து, கைதூக்கி முடிவு செய்யும். நிர்வாகக் குழுவில் புதிதாக வந்து சேர்ந்த அறக்கட்டளைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவள் பொறுப்பில் இருக்கும்வரை அது மாறாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மாடிக்குப் படி மட்டும்தான்.

மேலே கைதட்டினார்கள். நல்ல நீளமான கைதட்டல்.

ஜெசிந்தா இறங்கி வந்தாள். கையில் பொன்னாடை. பின்னால் புகைப்படக்காரர்.

"ஒனக்கு எதுக்குட்டி வீண் செரமம்னுதான் மேல வச்சோம். இனிமே நீ கௌரவத் தலைவர். வீட்டுப் பொறுப்ப நா பாத்துக்கிடுதேன். எல்லாரும் எந்திச்சு நின்னு கைதட்டுனாவ, கேட்டுச்சா?"

கேட்டது.

ஒருவரைக் கழற்றிவிடுவதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. அறக்கட்டளைக்காரர்கள் என்றால் சண்டை போட்டிருப்பாள். ஆனால் கூட்டத்தை மாடியில் வைத்தால் போதும் என்ற யோசனை அவர்களுக்கு வந்திருக்காது. அது கூடவே இருந்தவளுக்குத்தான் வரும்.

பொன்னாடை தோளில் விழுந்தது. சரிகை கழுத்தில் குத்தியது.

வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கிறது என்றார் புகைப்படக்காரர்.

ஜெசிந்தா நாற்காலியின் பிடியைப் பிடித்துத் திருப்பினாள்.

கேட்காமல் யாருடைய நாற்காலியையும் தொடக் கூடாது என்று, வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தாதான். பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் அவள் அதில் தவறியதில்லை.

இவள் குனிந்து பிரேக்கைப் போட்டாள்.

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. சக்கரத்தில் ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள்.