அடுப்புக்குத் திரும்ப வேண்டும்

"நான் மறுபடியும் அடுப்பு வேலைக்கே போயிடறேன், வீபெக்கே" என்றான் எஸ்கில்.

ஓடென்ஸ நகர ரொட்டித் தொழிற்சாலையின் காபி அறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். வீபெக்கே கோப்பையை ஓரமாக வைத்தாள்.

"முழுசா சொல்லு. கேக்கறேன்."

"எப்பப் பாரு கூட்டம், அட்டவணை, யாருக்கு எப்போ லீவு... நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை மேலாளரா தேர்ந்தெடுத்ததிலேருந்து, ரெண்டு வருஷமா மாவையே தொடலை. தூக்கமே வரமாட்டேங்குது."

"கஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? போன மாசம் மெஷின் நின்னப்போ நீ யாரையும் திட்டலை. அந்தப் பொறுமை இங்கே வேற யாருக்கு இருக்கு?"

"புகழாதே. எனக்கு ரை தானிய ரொட்டி சுடறதைத் தவிர எதுவும் தெரியாது."

"'தெரியாது'ன்னு சொல்லாதே. 'இன்னும் தெரியலை'ன்னு சொல்லு."

எஸ்கில் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மூலையில இருக்கிற சின்ன அடுப்புகூடப் போதும்."

"கோடை வரைக்கும் முயற்சி பண்ணு. தடுமாறினா தாங்கிப் பிடிக்க நாங்க எல்லாரும் இருக்கோம்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

மணி அடித்தது. வீபெக்கே மாவு படிந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுப்பு காயுது. வரேன்."

"வீபெக்கே, நான் உன் மேலாளர். உன் அடுப்பை எனக்குக் கொடுன்னு உத்தரவு போட்டா என்ன செய்வே?"

"கொடுத்துடுவேன். ஆனா நீ உத்தரவு போடற ஆளா இருந்திருந்தா, நாங்களே உன்னை எப்பவோ அடுப்புக்கு அனுப்பியிருப்போமே!"