நாத்தனார் முடிச்சு

குனிந்தாள்.

இன்னும் கொஞ்சம் என்றான் அவன். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. பின்னங்கழுத்தில் அவன் விரல்கள் பட்டன. ஐஸ் மாதிரி விரல்கள். முதல் முடிச்சு விழுந்தது.

இரண்டாவதும் விழுந்தது.

மூன்றாவது விழுந்ததும் அவன் பல் அவள் கழுத்தில் இறங்கும். யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை காதில் ஏதோ ரகசியம் சொல்கிறார் என்று கூடமே சிரிக்கும். அதற்கப்புறம் அவளுக்கும் சாவு கிடையாது. வெயில் கிடையாது. அம்மா வீட்டு வாசல் கிடையாது. அவன் வா என்றால் வர வேண்டும், இரு என்றால் இருக்க வேண்டும். என்றென்றைக்கும்.

நேற்றே எல்லாவற்றையும் அவன் சொல்லிவிட்டான். தான் யார், எதைக் குடித்து உயிரோடு இருக்கிறான், எதையும் மறைக்கவில்லை. சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் சரி என்றிருந்தாள்.

அவனிடம் அவளுக்கு வேறு வார்த்தை வந்ததே இல்லை. வேலையை விடு என்றான், விட்டாள். நீலம் உடுத்தாதே என்றான், பீரோவில் இருந்த நீலப் புடவைகளை எல்லாம் அக்காவுக்குக் கொடுத்தாள். என்னைப் பார் என்று அவன் சொன்னால் போதும், கால் வெடவெடக்கும். அதைக் காதல் என்று நினைத்தாள். காதல்தான். இல்லை என்று சொல்ல நாம் யார்?

அழகன்தான், அதிலும் குறை சொல்ல முடியாது. முந்நூறு வருஷமாக முப்பது வயதிலேயே நிற்கிறவனுக்கு அழகுக்கு என்ன கேடு? கொடைக்கானல் மூடுபனிக்கு நடுவே பங்களா வேறு. முகூர்த்தம் இருட்டிய பிறகுதான் என்று அவன் சொன்னபோது அவள் அப்பா மறுபேச்சு பேசவில்லை. அம்மாவோ, மாப்பிள்ளை கண்டிப்பு, ஆனால் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தீர்க்க சுமங்கலியாக இரு என்று வந்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். அந்த ஒன்றுக்குக் குறைவே வராது.

மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது.

எல்லா வீட்டிலும் அது முறை. அவன் குலத்தில் வெறும் முறையல்ல. கூடப்பிறந்தவள் கையால் அந்த முடிச்சு விழாத கழுத்தில் அவன் பல் இறங்காது.

அவன் தங்கை மரகதம். பார்த்தால் பதினாறு வயது. அவளும் முந்நூறு வருஷமாகப் பதினாறுதான். ஜுரத்தில் கிடந்தவள் சாகக் கூடாது என்று அண்ணன் முடிவு செய்தான். பாசம்தான். அன்றிலிருந்து அவள் எந்தத் தாவணி போடுவது, எந்த ஜன்னலைத் திறப்பது என்பதும் அண்ணன் முடிவுதான்.

கையிலிருந்த விளக்கைப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மரகதம் முன்னால் வந்தாள். மஞ்சள் சரட்டின் இரண்டு நுனியையும் பிடித்தாள்.

நின்றுவிட்டாள்.

தவில்காரர் எட்டிப் பார்த்தார். முடிச்சு விழாமல் நிறுத்த முடியாது. வெளுத்து வாங்கினார்.

"போடு," என்றான் அவன்.

மரகதம் போடவில்லை.

"மாப்பிள்ளை சொல்றாருல்ல, போடும்மா." அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

மணப்பெண்ணின் காதருகே, மூச்சே படாமல், மரகதத்தின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, போடவா வேணாமா? என்னை அன்னிக்கு யாரும் கேக்கல. நான் உங்களைக் கேக்கறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கம். பாழாய்ப்போன பழக்கம்.

வாயை மூடிக்கொண்டாள்.

"என்னைப் பார்," என்றான் அவன்.

நிமிர்ந்தாள்.

அவன் கண்ணில் சிவப்பு ஏறியிருந்தது. அவள் உடம்பு வெடவெடத்தது. இந்த முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பேன் என்று நினைத்தாள். ஆசை கொஞ்சமும் குறையவில்லை.

"நீங்க கேளுங்க," என்றாள்.

அவன் புருவம் நெரிந்தது.

"உங்க தங்கச்சி கேட்டா. நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம் சொல்றேன்."

"நீ எனக்குத்தான்."

"அது எனக்குத் தெரியும். கேளுங்க."

"உன்னைச் சாக விடமாட்டேன்."

"கேளுங்கன்னு சொல்றேன்ல."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் யானையை அடக்கியவன். வெள்ளைக்காரத் துரையைக் கைகட்டி நிற்க வைத்தவன். அவன் உதடு பிரிந்தது. பல் தெரிந்தது.

பாவம், அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை.

நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டியது. மேளம் ஓய்ந்தது. கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அம்மா மட்டும் அடியே என்றாள்.

அவள் காத்திருந்தாள். மனசாரக் காத்திருந்தாள். அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அவன் மறுபடியும், "குனி," என்றான்.

"வேணாம் மரகதம்," என்றாள் அவள்.

பின்னங்கழுத்தில் சில்லென்ற சின்ன விரல்கள் இரண்டாவது முடிச்சை அவிழ்த்தன. முதல் முடிச்சுக்கு அவளே கையைப் பின்னால் கொண்டுபோனாள். இறுக்கித்தான் போட்டிருந்தான். நகத்தைக் கொடுத்து நிமிண்டினாள். அழுதுகொண்டே நிமிண்டினாள்.