ராய்ஸ் தவறவிட்ட மூன்றடி

பந்துக்கும் கடைசிக் குழிக்கும் நடுவில் மூன்றடிகூட இருக்காது.

அது விழுந்தால் ராய்ஸ் ஹாலக்குக்கு அடுத்த வருடமும் டூர் கார்டு உண்டு, பெரிய போட்டிகளில் ஆடலாம். விழாவிட்டால் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் கார்டை இழந்த கோல்ஃப்காரன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வர்ஜீனியாவில் அக்டோபர் கடைசி. சீசனின் கடைசிப் போட்டி, கடைசி நாள். ஜெயிக்கப் போகிறவர்கள் இன்னும் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிவி கேமராக்களும் கூட்டமும் அவர்களோடு. எங்களைப் பார்க்கக் கயிற்றுக்கு அப்பால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ராய்ஸின் மனைவி வெர்னாவும் அவர்களோடு நின்றிருந்தாள்.

நான் அவனுடைய கேடி. அவனுக்குக் கல்யாணமான புதிதில் முதல் கார்டு கிடைத்தது. அன்றிலிருந்து அவன் மட்டைப் பையைச் சுமப்பதும், எப்படி அடிப்பது என்று யோசனை சொல்வதும் நான்தான். ஒரே கார், ஒரே மோட்டல் அறை, ஒருவனுக்குச் சளி பிடித்தால் மற்றவனுக்கும். சண்டை போட்டுக்கொண்டு இரண்டு முறை வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் வெர்னாதான் போன் செய்து திரும்பக் கூப்பிட்டாள்.

ராய்ஸ் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஒரே ஒரு பட்டம், அதுவும் மழையில் பாதி ஆட்டம் ரத்தான ஒரு வாரத்தில். தூரமாக அடிக்க அவனால் ஆகாது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவனை அசைக்க ஆளில்லை. இந்த மாதிரி மூன்றடிகளை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தான்.

பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புல்லைப் பார்த்தான்.

"தரை எந்தப் பக்கமாவது சாயுதாடா டாயில்?" என்று என்னைக் கேட்டான்.

"நேரா அடி. இதுக்கெல்லாம் என்னைக் கேட்டுட்டு இருக்காதே, பீர் சூடாயிடும்."

அவன் சிரிக்கவில்லை. எழுந்தான். கயிற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்து, வெகுநேரம் நின்றான்.

அடித்தான்.

பந்து இடப்பக்கமாகப் போனது. குழியின் விளிம்பைக்கூடத் தொடவில்லை.

கூட ஆடியவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராய்ஸ் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் போட்டான், தொப்பியைக் கழற்றினான், கூட ஆடியவனிடம் போய் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, என்ன ஆயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கை நடுங்கிவிட்டது என்றான் ராய்ஸ். வயதாகிவிட்டது, இதோடு முடிந்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றான். வெர்னாவிடமும் அதையேதான் சொன்னான். அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவன் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட உள்ளே போனான். நான் வெர்னாவைக் கார் நிறுத்துமிடத்துக்கு மெதுவாக அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தேன். சீட் பெல்ட்டையும் நான்தான் மாட்டிவிட்டேன். வசந்தத்திலிருந்து அவள் விரல்களால் அது முடிவதில்லை.

நோயின் பெயர் நீளமானது. முதலில் விரல்கள், பிறகு கை, கால், கடைசியில் மூச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றே, இனி ஆடப் போவதில்லை என்றான் ராய்ஸ். நானும் அவர்கள் சமையலறையில் இருந்தேன். வெர்னா கத்தவில்லை. கார்டு கையில் இருக்கும்வரை நீ ஆடியே ஆக வேண்டும் என்றாள். என் நோயைக் காரணம் காட்டி நீ ஆட்டத்தை விட்டால், நான் டல்சாவில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அவன் ஆடினான். அந்தக் கோடை முழுவதும் ஒழுங்காகத்தான் ஆடினான். வேறு மாதிரி ஆட அவனுக்குத் தெரியாது. இன்றைய கடைசிக் குழிவரை.

காருக்குப் பக்கத்தில் நின்றபடி, தப்பு என்னுடையது என்று வெர்னாவிடம் சொன்னேன். தரை இடப்பக்கம் சாய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, அவனுக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

தரை எந்தப் பக்கமும் சாயவில்லை. அவன் கையும் நடுங்கவில்லை. நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் மட்டை எங்கே பார்த்ததோ அங்கேதான் பந்து போனது.

வெர்னா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பொய்யே வராது டாயில்," என்றாள். "அவன் வேணும்னே குறியை மாத்தி வெச்சது எனக்குத் தெரியாதா? அவன் சொன்னதை நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். ராய்ஸ்கிட்ட எதுவும் சொல்லாதே."

அவள் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. கைக்குட்டை எடுத்து நான் துடைத்துவிட்டேன்.

ராய்ஸ் வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"ஒரு மூணடி பந்தைப் போட முடியலையே உன்னால," என்றாள் வெர்னா, வழக்கமாக அவனை வம்புக்கு இழுக்கும் குரலில்.

"முடியல," என்றான் ராய்ஸ்.

வீட்டுக்குப் போக வண்டியைக் கிளப்பினான்.