இடதுபக்கம் இழுக்கும் கார்

“மறுபடியும் இடதுபக்கம் இழுக்குது. அலைன்மெண்ட் பாத்தேன்னு என் காதுல பூ சுத்துறியா?” எகிறினார் கார்க்காரர்.

மெக்கானிக் முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு, தானே ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங்கை விட்டபோதும் கார் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

கார்க்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. மெக்கானிக்கைப் பின்சீட்டில் ஏற்றினார்; மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார்.

மனைவியின் போன் ‘டிங்’ என்றது. கார் இடதுபக்கம் இழுத்தது.

“பாத்தியா! இப்ப என்ன சொல்றே?”

“அவரை ஏன் கேக்குறீங்க?” என்றாள் மனைவி. “என் போன் அடிச்சா எட்டிப் பாக்குறது நீங்க. கையும் கூடவே திரும்புது.”

வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்சீட்டுக்குப் போனாள். மெக்கானிக் முன்னால் வந்தார்.

கார் நேராகப் போனது. மறுபடியும் ‘டிங்’.

கார்க்காரரின் கை மெல்ல உள்கண்ணாடியைத் திருப்பியது.