நண்டுத் தையல்காரரின் இணையதளம்

தீபாவளி நெருங்கியும் நண்டுத் தையல்காரரிடம் ஒரு துணிகூட வரவில்லை. சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினால் ஊருக்குத் தெரியுமே என்று, இருப்பதிலேயே அதிக வசதிகள் கொண்ட மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். மத்தாப்பு பொரிய, மயில் ஆடப் பக்கத்தை அலங்கரித்தார்.

அதைத் தவளை பார்த்தது. "மயில் ஜோரா ஆடுது அண்ணே. சட்டை தைக்க எங்கே வரணும்?"

முகவரி மயில் தோகைக்குப் பின்னால் மறைந்திருந்தது. நண்டின் முகம் சுண்டிவிட்டது.

"கேட்கிற கட்டத்தை நிரப்பினா போதும், அப்படியும் ஒரு மென்பொருள் இருக்கு" என்றது தவளை.

அதில் பெயர், இடம், கடை நேரம், ஒரு சட்டைப் படம் போட்டதும் வேலை முடிந்தது. இவ்வளவுதானா என்று நண்டுக்குச் சப்பென்றிருந்தது.

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் மரவட்டை நின்றது. "கால்சட்டை ஒண்ணு தைக்கணும். தீபாவளிக்குள்ள கிடைக்குமா?"

நண்டு மகிழ்ச்சியோடு அளவு நாடாவை எடுத்தார். "இப்பவே ஆரம்பிச்சா கிடைக்கும். முதல் காலை நீட்டுங்க."